இமயத்துப் பனியில் பழைய பருவக்காற்றைப் படிப்பது எப்படி

மழையை அளந்து எழுதிவைக்க ஆளில்லாத காலத்தில் பருவமழை எப்படிப் பெய்தது என்று தெரிய வேண்டுமா? உயரமான மலையில் உருகாத பனியைத் துளைத்து எடுங்கள். திபெத்தில் ஷிஷாபங்மா மலைப் பக்கம், 7,200 மீட்டர் உயரத்தில் தாசுவோபு என்றொரு பனியாறு இருக்கிறது. 1997-ல் அமெரிக்கப் பனியாற்று ஆய்வாளர் லோனி தாம்ப்சனின் குழு அங்கே மூன்று நீளமான பனி உருளைகளை எடுத்தது. அவ்வளவு உயரம் ஏன் என்றால், பனி உருகிக் கசிந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து எல்லாம் வீண்.

முதல் வேலை ஆண்டுகளை எண்ணுவது. வறண்ட மாதங்களின் பனியில் தூசி அதிகம், பருவமழைக் காலப் பனி சுத்தமாக இருக்கும், இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. எண்ணிக்கை பிசகியதா என்று பார்க்க, 1962-63 அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் படிந்த அடுக்கைத் தேடிப் பிடியுங்கள். அடியில் போகப் போக அடுக்குகள் நசுங்கி மெலிந்துவிடும், அங்கே துல்லியமான ஆண்டு சொல்லாதீர்கள்.

அப்புறம் ஆக்சிஜன்-18, அதாவது பனியின் நீரில் கொஞ்சமாக இருக்கும் கனமான வகை ஆக்சிஜன். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். துருவப் பனியில் அது குறைந்தால் குளிர் என்று பொதுவாகச் சொல்லலாம், அதை இமயத்துக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். பருவமழை மேகம் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வருவதால் கனமான ஆக்சிஜன் முன்னாலேயே இறங்கிவிடுகிறது, உச்சியில் விழும் பனியில் அது குறைவு. அதனால் பருவமழை பெய்யும் கோடைப் பனி குளிர்காலப் பனியைவிடக் குளிரானது போலத் தெரியும்! ஓர் ஆண்டின் சரிவை வைத்து வெப்பநிலை சொல்லவே கூடாது. பல பத்தாண்டுகளின் சராசரியை எடுத்து, பக்கத்துப் பனியாறுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பேசுங்கள்.

பருவக்காற்று தளர்ந்த ஆண்டுகளைப் பிடிக்க எனக்கு அதிக நம்பிக்கை தருவது, காய்ந்த நிலத்திலிருந்து காற்றில் வந்து படியும் தூசியும் குளோரைடும் (உப்பில் இருக்கும் பொருள்)தான். தாசுவோபுவில் இரண்டும் சேர்ந்து மிக உயர்ந்து நிற்பது 1790 முதல் 1796 வரை, கடந்த ஆயிரம் ஆண்டுகளில் அங்கே பதிவான மிகக் கடுமையான வறட்சி அது. அதே சமயத்தில், 1791-92-ல், தக்காணத்தில் வந்த பஞ்சத்துக்கு மண்டையோட்டுப் பஞ்சம் என்றே பெயர், புதைக்க ஆளில்லாமல் எலும்புகள் வெளியே கிடந்தனவாம். இப்படி ஊர் நினைவும் பனியும் ஒத்துப்போனால்தான் என் மனம் ஒப்புக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை, 20-ஆம் நூற்றாண்டு அடுக்குகளில் தூசி நான்கு மடங்கும் குளோரைடு இரண்டு மடங்கும் கூடியிருக்கின்றன. அது இந்தியாவிலும் நேபாளத்திலும் நாம் செய்த வேலைகளால் வந்தது, அதை வறட்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.