கிருஷ்ணதேவராயர் வராகனைப் பார்ப்பது எப்படி?

விஜயநகரப் பேரரசின் தங்கக் காசான வராகன் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதனால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் உட்காராதீர்கள். முதலில் எடை. முழு வராகன் ஏறத்தாழ 3.4 கிராம், அரை வராகன் அதில் பாதி.

அப்புறம் வெளிச்சம். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் தங்கம் பளபளக்குமே தவிர உருவம் தெரியாது. நான் மேசை விளக்கை இடது பக்கம் தாழ்த்தி வைத்து, காசை விளிம்பில் பிடித்து மெதுவாகத் திருப்புவேன். ஒரு கோணத்தில் நிழல் விழுந்ததும் குழந்தை ஒன்று உட்கார்ந்திருப்பது புலப்படும். கையில் வெண்ணெய் உருண்டை, இரு பக்கமும் சங்கு சக்கரம். பாலகிருஷ்ணன்! ஆந்திராவின் உதயகிரிக் கோட்டையைப் பிடித்த ராயர் அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலைக்குத் தன் தலைநகரான ஹம்பியில் கோயில் எழுப்பி, 1515-இல் பிரதிஷ்டை செய்தார். காசில் ராயரின் முகமே கிடையாது. வென்ற ஊரின் தெய்வம் இப்போது தன்னோடு இருக்கிறது என்பதைவிடப் பெரிய அரச முத்திரை வேறென்ன வேண்டும்?

பின்பக்கம் நாகரி எழுத்தில் மூன்று வரி: ஸ்ரீ ப்ர, தாப க்ருஷ்ண, ராய. நடுவரியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே அச்யுத என்று இருந்தால் அது தம்பி அச்சுதராயர் காசு. அதன் முன்பக்கம் பெரும்பாலும் யானைகளைத் தூக்கிப் பறக்கும் இருதலைப் பறவை, கண்டபேரண்டம்.

எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு அச்சுக்கு நடுவே தங்கத் துண்டை வைத்துச் சம்மட்டியால் அடித்த காசு இது. துண்டு கொஞ்சம் விலகினாலும் பாதி எழுத்து வெளியே போய்விடும். எல்லா எழுத்தும் நட்டநடுவில், விளிம்பு வட்டமாக, காசின் பரப்பு வழவழவென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உருக்கி வார்த்ததைக் காட்டிக்கொடுக்கும் வார்ப்புக்கோடு விளிம்பைச் சுற்றி ஓடினால் வாங்கவே வேண்டாம்.

தயவுசெய்து உரைகல்லில் உரசவோ பாலிஷ் போடவோ கொடுக்காதீர்கள். ஐந்நூறு ஆண்டு தாங்கிய கோடுகள் ஒரே நாளில் போய்விடும்.

நூறு ஆண்டு கடந்த காசு சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணில் கிடைத்தது என்றால் கலெக்டரிடம் தெரிவித்துவிடுங்கள்.