தூர் வாரும்போது வாத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்

வடுவூர்ப் பக்கம் ஓர் ஊர்க்குளம், தை மாதக் காலை. டீ வடிகட்டியால் கரையோரச் சேற்றைக் கோரி வெள்ளைத் தட்டில் கொட்டினேன். கலங்கல் தெளிந்ததும் தட்டே நெளிந்தது: ரத்தச் சிவப்பில் புழுக்கள், கடுகளவு நத்தைகள், துள்ளி நீந்தும் நீர்த்தெள்ளுப்பூச்சிகள், தட்டானின் குஞ்சு ஒன்று. பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "கொசுப்புழு சார், மருந்து அடிச்சிடணும்."

பலரும் செய்கிற தவறு அது. கொசுப்புழு நீர்மட்டத்தில் தொங்கி மூச்சு விடும். சிவப்புப் புழு சேற்றுக்குள் குழல் கட்டி இருக்கும். நம் ரத்தத்தில் இருப்பதுபோல அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு. காற்றில்லாத சேற்றில் அது பிழைப்பது அதனால்தான். வளர்ந்தால் பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது.

வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் வயலில் சிந்திய நெல்லே போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. நெல்லும் புல்விதையும் பறக்கச் சக்தி கொடுக்கும், உண்மைதான். ஆனால் புது இறகுக்கும், ஊர் திரும்பி இடப்போகும் முட்டைக்கும் புரதம் வேண்டும். அதைத் தருவது இந்தப் புழுவும் நத்தையும்தான்.

தூர் வாருவதில் எனக்கு மறுப்பில்லை, கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டாமா? ஆனால் ஜேசிபியை விட்டுக் கரையைச் செங்குத்தாக வெட்டி, குளத்தைத் தொட்டி ஆக்கிவிடுகிறோம். இந்த வாத்துகள் முக்குளிப்பவை அல்ல. தலைகீழாகக் கவிழ்ந்து மேய்பவை. ஒரு முழத்துக்குள் நீர் இருந்தால்தான் அவற்றுக்குச் சேறு எட்டும். ஒரு பக்கமாவது கரையைச் சரிவாக விடுங்கள். வேலம்பாசி கொஞ்சம் கிடக்கட்டும், பூச்சிகளுக்கு அதுதான் வீடு. ஆகாயத்தாமரையை மட்டும் தயங்காமல் அள்ளுங்கள்; அது மூடிக்கொண்டால் கீழே காற்றும் வெளிச்சமும் இல்லை.

குளம் எப்போதும் ததும்ப வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடுவது வழக்கம். அப்புறம் நீர் இறங்க இறங்க, வாத்துகள் கிளம்பும் சமயத்தில் ஆழமற்ற கரையோரம் விரிகிறது. கோடையில் முழுக்கக் காய்ந்தாலும் கவலையில்லை. நீர்த்தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் காய்ந்த மண்ணில் கிடந்து, நீர் வந்ததும் பொரிக்கும்.

சாதாக்கெண்டை விடுகிறவர்கள் கவனிக்க: அது சேற்றைக் கிளறி அதே புழுவைத்தான் தின்னும். வயலில் தூவுகிற குருணை மருந்தோ இன்னும் மோசம். வடிகால் வழியே குளத்துக்கு வந்து பூச்சியைக் கொல்லும். சில வகைக் குருணையைத் தின்றால் பறவையும் சாகும்.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. தட்டைவாயன் வாத்துகள் கூட்டமாக வட்டமடித்தால் விளையாடுகின்றன என்று எண்ணி, படமெடுக்கக் கிட்டே போகாதீர்கள். கால் உதைப்பில் கலங்கி மேலே வரும் சிற்றுயிர்களை, சீப்புப் பல் போன்ற அலகால் சலித்துத் தின்றுகொண்டிருக்கின்றன.