படப்புத்தகத்தை வைத்து மரத்தைத் திருத்தாதீர்கள்

தொடக்க வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறவர்கள் பலர் இப்போது படப்புத்தகத்தை எடுக்கிறார்கள், பிள்ளைகளை வெளியேயும் கூட்டிப்போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் புத்தகத்தில் பார்த்ததை வெளியே போய் 'கண்டுபிடி' என்று சொல்லிவிடுகிறோம். புத்தகம் விடைத்தாள் ஆகிவிடுகிறது. படம் வரைந்தவர் எந்த ஊர்க்காரரோ. நம் பிள்ளை நிற்பது சைதாப்பேட்டையில். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடமே இருக்கிறது.

வண்ணத்துப்பூச்சியையே எடுத்துக்கொள்வோம். கதைகளில் வரும் புழு கண்டதையும் தின்னும், பிறகு நூல் சுற்றிய கூட்டுக்குள் தூங்கும். இனி பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலையையோ எலுமிச்சையையோ பாருங்கள். கொழுந்து இலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். "மிஸ், காக்கா கக்கா!" என்று ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தும். பறவைகளும் அப்படி ஏமாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேஷம். வளர்ந்தால் அதே புழு இலைப்பச்சையாகிவிடும். அப்போது துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னால் கவைபோல் ஒரு கொம்பு நீண்டு, வாடை அடித்து, உள்ளே போய்விடும். கடைசியில் கூட்டுப்புழுவாகித் தண்டில் சாய்ந்து நிற்கும். இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழை, அவ்வளவுதான். நூல் கூடு கட்டுவது பட்டுப்புழு போன்ற அந்துப்பூச்சி வகைகள். "புக்குல நூல் இருந்துதே?" என்று யாராவது கேட்டால், அன்றைய வகுப்பு வெற்றி. "அது கதைம்மா, உட்காரு" என்று முடித்துவிடாதீர்கள்.

இங்கேயே இன்னொரு தவறும் நடக்கிறது. புழுவைப் பாட்டிலில் அடைத்து, கையில் கிடைத்த கீரையைப் போடுகிறார்கள். அது சாப்பிடாது. கறிவேப்பிலைப் புழுவுக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை வகைதான் வேண்டும். எருக்கஞ்செடிப் புழுவுக்கு எருக்கு. பட்டினியில் சாகடித்துவிட்டு வாழ்க்கைச் சுழற்சி சார்ட் ஒட்டுவதில் என்ன இருக்கிறது? கிளையில் ஒரு கலர் நூலைக் கட்டிவிட்டு, தினமும் பிரேயர் முடிந்ததும் போய்ப் பாருங்கள். ஒருநாள் புழுவைக் காணாமலும் போகலாம். குருவியோ குளவியோ கொண்டுபோயிருக்கும். அதையும் மறைக்க வேண்டாம்.

பருவங்கள் பாடமும் இப்படித்தான். இலை பழுத்து உதிரும், பிறகு பனி கொட்டும் என்று புத்தகம் சொல்லும். சென்னையில் பாதாம் மரம் இலை சிவந்து கொட்டுவது பெரும்பாலும் தை, மாசி வாக்கில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரே பச்சை. நான்கு கட்டம் போட்டு வண்ணம் தீட்டச் சொல்வதைவிட, தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதம் ஒருமுறை வரையச் சொல்லலாம்.

வானம் இன்னும் சுவாரசியம். வெளிநாட்டுப் படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். மாசி, பங்குனி மூன்றாம் பிறையை நம் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் படகுபோல் கிடக்கும். நடுப்பகலில் சூரியன் உச்சந்தலையில் இருப்பதாக எல்லாப் புத்தகமும் வரையும். சென்னைக்கு அது வருடத்தில் இரண்டு நாள்தான், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். ஏப்ரலில் பரீட்சை, லீவு என்று போய்விடும். ஆகஸ்டில் பகல் 12.15 மணி வாக்கில் மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். மேகம் வழிவிட்டால் நிழலே இருக்காது. ஜூன் மாதம் அதே குச்சியின் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். பெரியவர்களே நம்ப மாட்டார்கள்.

வெளியே போவது என்றாலே வேன் பிடித்து வண்டலூர் என்று நினைப்பது இன்னொரு பழக்கம். வரிசை பிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும், பின்னால் நிற்கிறவனுக்கு எதுவும் கேட்காது. காம்பவுண்டுச் சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்று போதாதா? அதை அங்கே விதைத்தது யார் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பள்ளிக்கரணைக்கும் போகலாம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்புநிலம், டிசம்பர், ஜனவரியில் வலசைப் பறவைகள் நிறைய. ஆனால் காக்காவின் கழுத்துச் சாம்பல் நிறத்தையும் அண்டங்காக்காவின் முழுக் கறுப்பையும் பிரித்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் அங்கே ஏதாவது கண்ணில் படும்.

திரும்பி வந்ததும் 'பத்து வரி எழுது' வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து வரையட்டும். எறும்புக்கு உடம்பு முழுக்கக் கால் வரைந்திருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆறு காலும் நடுப்பகுதியில் இருப்பதைப் பிள்ளையே சொல்லும்.

அப்புறம், கொஞ்சம் ஜாக்கிரதை. மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் உட்கார வைக்காதீர்கள், கம்பளிப்பூச்சி பட்டால் அரிப்பு தாங்காது. அரளியை யாரும் வாயில் வைக்கக் கூடாது; எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. மார்ச் பிறந்துவிட்டால் ஒன்பதரைக்குள் உள்ளே வந்துவிடுங்கள். வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.