பள்ளிக் கணினி ஆய்வகம்: யாருக்கு எந்த உரிமை?

எங்கள் மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகப் பணியில் சேரும் கணினி ஆசிரியர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: மாணவர்களை அட்மின் கணக்கில், அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமையுள்ள கணக்கில், உட்காரவைக்காதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிடவும் வேண்டாம். பாடத்துக்குத் தேவையானது அத்தனையும் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். நான் சொல்பவை விண்டோஸ் புரோ பதிப்புக்கானவை.

கணக்கு தொடங்கும் முன்பே அட்மின் கணக்கில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், காப்பி செட்டிங்ஸ் என்று போய், புதிய பயனர் கணக்குகளுக்கான கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதன்பின் தொடங்கும் ஒவ்வொரு கணக்கிலும் தமிழ் தானாக வந்துவிடும். தாய்மொழியில் தட்டச்சு செய்யப் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது.

இனி கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் லோக்கல் யூசர்ஸ் பகுதியில் வகுப்புக்கு ஒரு கணக்கு. அங்கே தொடங்கும் கணக்கு இயல்பாகவே சாதாரணப் பயனர் கணக்காகத்தான் அமையும். 'அடுத்த முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, 'பயனர் கடவுச்சொல்லை மாற்ற முடியாது' என்பதில் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாணவன் விளையாட்டாக மாற்றினால்கூட வகுப்பு முழுவதும் வெளியே நிற்கும். பிளஸ் டூ மாணவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு கணக்கு கொடுப்பது நல்லது.

பெரிய சிக்கல் டி டிரைவில்தான். பல ஆய்வகங்களில் ஆளாளுக்குத் தம் பெயரில் அங்கே ஒரு ஃபோல்டர் வைத்திருப்பார்கள். கணினியில் உள்நுழைந்த எவரும் அந்த டிரைவில் எதையும் மாற்றலாம், அழிக்கலாம் என்பதுதான் விண்டோஸின் இயல்பு ஏற்பாடு. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு மாணவியின் பைத்தான் நிரல்கள் காணாமல் போனால் அவள் என்ன செய்வாள்?

இதைத் தடுக்க, அந்த மாணவியின் ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். 'டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' (டிரைவின் அனுமதிகள் ஃபோல்டருக்குத் தானாக வருவதை நிறுத்துவது) அழுத்தி, இருக்கும் அனுமதிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் முதல் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் இரண்டையும் நீக்கிவிட்டு, அந்த மாணவியின் கணக்கைச் சேர்த்து மாடிஃபை (மாற்றும், அழிக்கும்) உரிமை கொடுங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் வரிகளில் கை வைக்காதீர்கள். டினை (Deny, அனுமதி மறுப்பு) கட்டத்தின் பக்கமே போக வேண்டாம். யூசர்ஸ் குழுவுக்கு டினை கொடுத்தால் அது அட்மினையும் தடுக்கும். செக்யூரிட்டி பகுதியே தென்படவில்லை என்றால் அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் (இத்தகைய அனுமதிகளைத் தாங்கும் விண்டோஸ் கோப்பு முறை) வடிவத்தில் இல்லை என்று பொருள்.

திரைப் பின்னணியை மாற்றுவது போன்றவற்றைத் தடுக்க குரூப் பாலிசி என்ற விண்டோஸின் கட்டுப்பாட்டு வசதி இருக்கிறது. ஆனால் அதை நேரடியாகத் திறந்து பயனர் பகுதியில் மாற்றினால் உங்களையும் சேர்த்தே கட்டும். எம்எம்சி (mmc) என்ற விண்டோஸ் மேலாண்மைக் கருவியைத் திறந்து, குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் அழுத்தி, யூசர்ஸ் பகுதியில் 'நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' (Non-Administrators, அட்மின் அல்லாதவர்கள்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். தடை மாணவர்களோடு நின்றுவிடும்.

பைத்தானை நிறுவும்போது கஸ்டமைஸ் வழியில் போய் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதில் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் அது உங்கள் கணக்கில் மட்டும் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் மாணவர் கணக்கில் நீங்களே நுழைந்து ஒரு நிரல் எழுதி, சேமித்து, ஓட்டிப் பாருங்கள். அட்மின் கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். நீங்கள் பணிமாறுதலில் போனால் அடுத்து வருபவருக்கு அது வேண்டும்.