தாளில் வரைந்து அனிமேஷன் செய்வது எப்படி: வின்சர் மெக்கேயின் முறை

அனிமேஷன் கற்க விரும்புபவர்களை நான் முதலில் பார்க்கச் சொல்வது, அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கேயின் 'லிட்டில் நெமோ' (1911), 'கெர்ட்டி தி டைனோசர்' (1914) ஆகிய இரண்டு படங்களைத்தான். அசையும் 4,000 படங்களை ஒரே மாதத்தில் வரைந்து முடிப்பதாக அவர் நண்பர்களிடம் சவால் விடுவதும், பீப்பாய்களில் மையும் கட்டுக்கட்டாகத் தாளும் வந்து இறங்குவதும் முதல் படத்திலேயே வருகின்றன. கார்ட்டூன் உருவாகும் விதமே அங்கே கதையாகிறது. அதே முறையில், மூச்சு விடும் ஒரு விலங்கை நாமும் வரையலாம்.

மெக்கே கெர்ட்டியை மெல்லிய அரிசித்தாளில் வரைந்தார். நமக்கு ஒரே அளவில் வெட்டிய 9 ட்ரேசிங் தாள்களும் கூர்மையான பென்சிலும் போதும். தாளின் அடியிலிருந்து ஒளி பாய்ச்சும் பலகையான லைட் பேட் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது தாள்களைப் பொருத்துவது. பெரும்பாலானோர் அவசரப்படும் இடம் இதுதான் என்பதால், இங்கே மிகுந்த பொறுமை வேண்டும். ஓர் அட்டையின் நான்கு மூலைகளிலும் சிறிய கூட்டல் குறி இட்டு, ஒவ்வொரு தாளையும் அதன்மேல் வைத்து, படம் வரையும் முன்பே அக்குறிகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். குறி மயிரிழை விலகினாலும் திரையில் தரை நடுங்கும். கெர்ட்டியில் பாறைகளும் தரையும் இலேசாகத் துடிப்பதைக் கவனித்தால் இது புரியும்: ஒளிபுகும் செல்லுலாய்டு தாள் புழக்கத்துக்கு வராத காலமாதலால், பின்னணி முழுவதையும் உதவியாளர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைந்தார். ஆகவே உங்கள் பின்னணி ஒற்றைக் கோடாகவே இருக்கட்டும்.

வரையும்போது 1, 2, 3 என்று வரிசையாகப் போகாதீர்கள். மூச்சை விட்ட நிலையை 1ஆம் தாளிலும், நெஞ்சு விரிந்த நிலையை 9ஆம் தாளிலும் வரைந்து, இரண்டுக்கும் நடுநிலையை 5இலும், பிறகு 3, 7 ஆகியவற்றிலும், கடைசியாக இரட்டை எண்களிலும் வரையுங்கள். இது மெக்கே கையாண்ட பாதியாகப் பகுக்கும் முறை. வரிசையாக வரைந்தால் சிறு பிழைகள் சேர்ந்து, விலங்கு ஒவ்வொரு தாளிலும் பருத்துக்கொண்டே போகும்.

பிறகு தாள்களை வெள்ளை அட்டைமேல் வைத்து, ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்திய கைபேசியால் 1இலிருந்து 9 வரையும், திரும்ப 8இலிருந்து 2 வரையும் படமெடுங்கள். மொத்தம் 16 படங்கள். நொடிக்கு 8 என ஓடவிட்டால் ஒரு மூச்சுக்கு 2 நொடி. இதே சுற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்; கெர்ட்டியிலும் மெக்கே இவ்வாறு ஓவியங்களை மீண்டும் பயன்படுத்தினார்.

பின்சேர்க்கை: படம் மினுக்குவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். கைபேசி ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைத் தானாக மாற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு, சன்னலை மூடி மேசை விளக்கில் எடுங்கள்.