எல் நினோ என்றதும் விதையை விற்காதீர்கள்

திருமங்கலம் டீக்கடையில் ஒரு தம்பி செல்போனை நீட்டினான். "அண்ணே, எல் நினோ வருதாம். இந்த வருசம் மானாவாரி வெதைக்கல." எனக்குச் சுருக்கென்றது. 2015-ல் நானும் இதையேதான் சொன்னேன். எல் நினோ விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல் நினோ என்றால் வறட்சி என்று முடிவுகட்டுவது

பசிபிக் நடுக்கடல் வழக்கத்தைவிடச் சூடேறி, கிழக்கிலிருந்து மேற்கே வீசும் காற்று தளர்ந்துபோவதுதான் எல் நினோ. மழைமேகங்களும் இந்தோனேசியாவை விட்டுக் கிழக்கே நகரும். இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் காயும், பெருவில் வெள்ளம் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நம் தென்மேற்குப் பருவமழையும் பல நேரம் குறையும். செய்தியில் கத்துவது இதைத்தான்.

ஆனால் கரிசல்காட்டுக்காரன் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. எல் நினோ ஆண்டுகளில் அந்த வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். வடக்கே இருப்பவனுக்கு எழுதிய தலைப்பை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். வாங்கி வைத்த மக்காச்சோள விதையைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பாதி விலைக்குத் தள்ளினேன்.

2015-ல் நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது உண்மைதான். அப்புறம் வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்குச் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு கொட்டியது. சென்னை மூழ்கியதும் அப்போதுதான். உழுதுபோட்ட என் காட்டில் களை மண்டிக் கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் என் விதை கதிர் பிடித்து நின்றது. தை மாதம் அவர் ஒரு சாக்குக் கதிரைத் திண்ணையில் இறக்கி வைத்து, "நல்ல வெத மாப்ள" என்றார். இன்றைக்கும் அந்தச் சாக்கை நினைத்தால் பத்திக்கொண்டு வருகிறது.

லா நினா வந்தால் இதற்கு நேர்மாறு என்பது

அதே பசிபிக் நடுக்கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோவதுதான் லா நினா. 2016-ல் லேசான லா நினா. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2021-லும் லா நினாதான், கொட்டித் தீர்த்தது. போக்கு வேறு, உத்தரவாதம் வேறு.

கால்வாய்த் தண்ணீரையும் கண்மாய்த் தண்ணீரையும் ஒன்றாக எண்ணுவது

மேலூர்ப் பக்கம் நடுகிறவர் கால்வாயில் வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருப்பார். அந்த நீர்ப்பிடிப்பு பெரிதும் தென்மேற்கு மழையில் நிறைவது. ஒரே எல் நினோ அவருக்குக் கால்வாயைத் தாமதமாக்கிவிட்டு, எங்கள் கண்மாயை நிரப்பலாம்.

இந்தியப் பெருங்கடலை மறப்பது

1997-ல் ராட்சத எல் நினோ. ஆனாலும் தென்மேற்குப் பருவமழை பொய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி சூடாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஒரு மாதச் சூட்டைப் பார்த்து எல் நினோ என்று அறிவிப்பது

கூடாது. பசிபிக் நடுக்கடலில் அரை டிகிரி உயர்வு பல மாதம் நிலைக்க வேண்டும்.

ஒவ்வொரு புயலுக்கும் எல் நினோவோடு முடிச்சுப் போடுவது

வேண்டாம்.