மதுரையின் தெருப் பின்னல் மாறுவதை அளப்பது எப்படி?

மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளைக் குறுக்குச் சந்துகள் இணைப்பதால், ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி கிடைக்கிறது. அங்கே ஒரு சதுர கிலோமீட்டரையும், 2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது சேர்ந்த ஆனையூரில் அதே பரப்பையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தெருத்துண்டுகளின் (ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு அல்லது முட்டுமுனை வரையுள்ள பகுதி) எண்ணிக்கையை, சந்திப்புகளையும் முட்டுச்சந்து முனைகளையும் கூட்டிவந்த தொகையால் வகுங்கள், விடை 1.4-ஐ எட்டினால் இணைப்பு நன்று, 1-ஐ நெருங்கினால் தெருக்கள் மரக்கிளைகளைப்போல் பிரிந்து முடிந்துவிடுகின்றன என்று பொருள். கூகுள் எர்த்தின் பழைய படங்களைக் கொண்டு ஆண்டுவாரியாகவும் எண்ணுங்கள்.

பிறகு நேரில் நடந்து பாருங்கள், ஏனெனில் அடுத்தடுத்த இரு மனைப்பிரிவுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு சுற்றுச்சுவர், கண்ணெதிரே தெரியும் பால் கடைக்குக்கூடப் பிரதான சாலை வழியே சுற்றிப் போகவைப்பதை வரைபடம் பெரும்பாலும் காட்டாது. என்னைப் பொறுத்தவரை, அந்தச் சுவர்களைக் குறிப்பதே இந்த வேலையின் உயிர்.